சாவியைக் கேட்கும் பிள்ளை

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு சிந்தனையின் எழுத்து வடிவம்)



இன்று நவம்பர் மாதத்தின் மூன்றாம் ஞாயிறு. சாலை விபத்துகளில் உயிரிழந்தவர்களை உலகம் முழுவதும் நினைவுகூரும் நாள். ஐக்கிய நாடுகள் அவை 2005-ஆம் ஆண்டு இந்த நாளை ஏற்றுக்கொண்டது. நமக்கோ நவம்பர் முழுவதுமே உத்தரிக்கிற ஆன்மாக்களின் மாதம். இரண்டாம் தேதி மெழுகுவர்த்தியும் பூமாலையுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வந்தோம். கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடக்கும்போது, கல்லில் எழுதியிருக்கும் தேதிகள் கண்ணில் படாமல் இருப்பதில்லை. பிறந்த ஆண்டுக்கும் இறந்த ஆண்டுக்கும் நடுவே எழுபது, எண்பது இருந்தால் மனம் அமைதியாகக் கடந்து போகிறது. பதினெட்டு, இருபத்திரண்டு என்று இருந்தால் கால் நின்றுவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் தாயிடம் எதுவும் கேட்கத் தேவையில்லை. "வண்டி, சாமி" என்பார். அந்த ஒரு சொல்லோடு சரி.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அத்தனை சாவுக்கும் குடிதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. வேகத்தில் போனவை அதிகம், தூக்கக் கலக்கத்தில் போனவையும் உண்டு. ஆனால் குடித்துவிட்டு ஓட்டியதால் வந்த சாவு என்பது, யாராவது ஒருவர் அன்றைக்கு வாய் திறந்திருந்தால் நின்றிருக்கக்கூடிய சாவு. அதனால்தான் இன்று அதைப் பற்றிப் பேசுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிக்கிற பிள்ளைகளிடம் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று பள்ளிகளிலிருந்து அவ்வப்போது அழைப்பு வரும். போக்குவரத்துக் காவல்துறையிலிருந்து ஓர் அதிகாரி வருவார், திரையில் நொறுங்கிய வண்டிகளைக் காட்டுவார். பிள்ளைகள் எழுந்து நின்று உறுதிமொழி எடுப்பார்கள். சார்ட் பேப்பரில் மண்டை ஓடு வரைந்தவருக்கு முதல் பரிசு. இதெல்லாம் வேண்டியதுதான். கடைசியில் பத்து நிமிடம் ஃபாதருக்கு. அந்தப் பத்து நிமிடத்தில் நான் பயமுறுத்துவதில்லை. அதற்குள் பிள்ளைகள் போதுமான அளவு பயந்திருப்பார்கள், அல்லது தூங்கியிருப்பார்கள்.

பையன்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "எத்தனை கிளாஸ் வரைக்கும் ஓகே, ஃபாதர்?" சட்டம் கிளாஸ் கணக்குச் சொல்லவில்லை. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால், அதைத் தாண்டினால் குற்றம். ஒருவருக்கு ஒரு பீரிலேயே தாண்டிவிடும், இன்னொருவருக்குக் கொஞ்சம் தாமதமாகும். உடல் எடை, சாப்பிட்டிருக்கிறாரா, ஆணா பெண்ணா, எல்லாம் சேர்ந்தது அது. குடித்ததைக் கல்லீரல் தன் போக்கில்தான் உடைக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் குறையும், அவ்வளவுதான். மோர் குடித்தாலும், எலுமிச்சம்பழம் பிழிந்தாலும், தலையில் தண்ணீர் ஊற்றினாலும், பாக்கு போட்டாலும் அந்த வேகம் கூடாது. வாயின் வாசனை மாறுமே தவிர இரத்தம் மாறாது. சனிக்கிழமை நடு ராத்திரி வரை குடித்தவர், ஞாயிறு காலை ஆறு மணிப் பூசைக்குக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியில் வரலாம். சட்டப்படி அவர் அப்போதும் குடித்துவிட்டு ஓட்டுகிறவராகவே இருக்கக்கூடும். நம் ஆலய வாசலில் யாரும் ஊதச் சொல்லிச் சோதிப்பதில்லை என்பதால் சொல்கிறேன்.

இன்னொரு விஷயத்தைப் பிள்ளைகள் கவனித்துக் கேட்பார்கள். குடி முதலில் காலைத் தள்ளாட வைப்பதில்லை. அதற்கு வெகு முன்னதாகவே, 'நான் ஓட்டலாமா, கூடாதா' என்று முடிவு செய்யும் புத்தியைத்தான் மழுக்குகிறது. அதனால்தான் குடித்தவர் எல்லாரும் ஒரே வசனம் பேசுகிறார்கள்: "நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்." அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்புகிறார். கோணிப்போன தராசை வைத்துக்கொண்டு அந்தத் தராசு சரியா என்று நிறுத்துப் பார்ப்பது போன்றது இது. ஆகவே அந்த நேரத்து முடிவைக் குடித்தவரிடம் விட முடியாது. குடிக்காதவர்தான் எடுக்க வேண்டும். சரி, நம் குடும்பங்களில் ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து ராத்திரி பதினொரு மணிக்குக் கிளம்பும்போது, குடிக்காதவர் யார்? பெரும்பாலும் வீட்டு அம்மாவும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும்தான்.

இதைச் சொல்லி முடித்த ஒரு நாள், நம் ஊர்ப் பள்ளி ஒன்றில், பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். மைக் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, மெதுவாகத்தான் கேட்டாள். "ஃபாதர், நான் குடிக்கப் போறதில்ல. வண்டியும் ஓட்டத் தெரியாது. எங்கப்பா குடிச்சிட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு, ஏறுன்னு சொல்றாரு. நான் ஏறணுமா, வேணாமா?"

வகுப்பில் சத்தமே இல்லை. யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதியைப் பார்த்தபோது, அது அவள் ஒருத்தியின் கேள்வி மட்டுமல்ல என்று தெரிந்தது. பள்ளிகளில் நாம் பிள்ளைகளை நாளைய ஓட்டுநர்களாக நினைத்துப் பாடம் நடத்துகிறோம். அவர்களில் பலரோ இன்றைக்கே பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஏறக்கூடாது என்று அவளுக்குச் சொன்னேன். அப்படிச் சொல்வதற்கான காரணத்தை இப்போது பெற்றோருக்குச் சொல்கிறேன், ஏனென்றால் இது உங்களுக்குக் கொஞ்சம் கசக்கலாம்.

நம் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கட்டளைகளை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். நான்காம் கட்டளை தாய் தந்தையை மதிக்கச் சொல்கிறது. ஐந்தாம் கட்டளை கொலையை விலக்குகிறது. அந்தப் பெண் பிள்ளை மாட்டிக்கொண்டிருப்பது இந்த இரண்டுக்கும் நடுவில். அப்பாவுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று நாம்தான் கற்றுக்கொடுத்தோம். ஆனால் கீழ்ப்படிதல் என்பது பெற்றோரை மதிப்பதின் ஒரு பகுதிதான், முழுவதும் அல்ல. தொடக்க நூல் ஒன்பதாம் அதிகாரத்தில் நோவா வருகிறார். பேழை கட்டிய அதே நீதிமான், திராட்சைத் தோட்டம் போட்டு, குடித்து, ஆடை விலகித் தன் கூடாரத்தில் கிடக்கிறார். விவிலியம் மூடி மறைக்கவில்லை. ஒரு மகன் பார்த்துவிட்டு வெளியே வந்து சொல்கிறான். மற்ற இரண்டு மகன்களும் ஒரு போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்புறமாகவே நடந்து போய், முகத்தைத் திருப்பியபடி அப்பாவை மூடிவிட்டு வருகிறார்கள். குடித்த தகப்பனை மதிப்பது எப்படி என்று மறைநூல் காட்டும் படம் இது. அவர் மானத்தைக் காப்பாற்றினார்கள், அவர் உடம்பைக் காப்பாற்றினார்கள். அந்த நிலையில் அவர் இடும் கட்டளைக்கெல்லாம் தலையாட்டுவது அந்தப் படத்தில் இல்லை. "அப்பா, சாவிய குடுங்க, டெம்போவுல போயிடலாம், காலைல வந்து வண்டிய எடுத்துக்கலாம்" என்று அழுகையோடு ஒரு பிள்ளை கேட்டால், அது போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற பிள்ளை.

அதற்காகப் பிள்ளையை அடிக்கிற வீடுகள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். ஆகவே தாய்மாருக்கு ஒரு வார்த்தை: பிள்ளையைத் தனியாக விட்டுவிடாதீர்கள். 'அப்பாவை எதுத்துப் பேசாதே' என்று அந்த இடத்தில் சொல்லாதீர்கள். நீங்களும் ஏறாதீர்கள்.

நம் ஊரைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு இருந்த காலத்தில் குடிப்பதற்கென்றே எல்லை தாண்டிப் பாண்டிச்சேரிக்கு வந்தார்கள். 1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சு ஆட்சி போனது, 1971-ல் தமிழ்நாட்டில் மதுவிலக்கும் தளர்ந்தது. அந்தப் பெயர் மட்டும் நம்மைவிட்டுப் போகவில்லை. விலை குறைவு, கடை அதிகம், பாட்டிலோடு சாராயக்கடையும் கள்ளுக்கடையும் சட்டப்படியே நடக்கின்றன. சனிக்கிழமை மாலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைப் பதிவெண் வண்டிகள் பறக்கும்போது நாம் தலையில் அடித்துக்கொள்கிறோம், 'குடிக்க வந்துட்டானுங்க' என்கிறோம். வெளியூர்க்காரரைத் திட்டுவது சுலபம். நான் அடக்கம் செய்தவர்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆக வேண்டும். நம்மிடம் 18. கியர் வண்டிக்கு லைசென்ஸ் எடுக்கவும் 18. அங்கே ஒரு பையன் வண்டி ஓட்டிப் பழகிய மூன்று வருடம் கழித்துத்தான் சட்டப்படி கடைக்குப் போக முடியும். நம் பையனுக்கு இரண்டு கதவும் ஒரே பிறந்தநாளில் திறக்கின்றன. சிலருக்குப் பிளஸ் டூ யூனிஃபார்மிலேயே திறந்துவிடுகின்றன. கடைகளை நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்று 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு அது. அடுத்த ஆண்டே நகராட்சி எல்லைக்குள் அது பொருந்தாது என்று விளக்கம் வந்துவிட்டது. ஆகவே கடை தள்ளிப் போகும் என்று காத்திருக்க வேண்டாம்.

2024 மே 19 அதிகாலை புனே நகரில் நடந்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். பிளஸ் டூ தேர்வு முடிவைக் கொண்டாடப் போன 17 வயதுப் பையன், போர்ஷே காரை வேகமாக ஓட்டி மோதியதில் பைக்கில் சென்ற இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். இருவருக்கும் 24 வயது. பையன் குடித்திருந்தான் என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. அன்றைக்கே சிறார் நீதிக் குழுமம் ஜாமீன் கொடுத்தது. நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்துகளைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது. நாடே கொதித்தது, பின்னர் அந்த உத்தரவு மாற்றப்பட்டது. கட்டுரையைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். என்னைத் தொந்தரவு செய்தது வேறொன்று. சோதனைக்கு எடுத்த பையனின் இரத்தத்துக்குப் பதிலாகத் தாயின் இரத்தம் வைக்கப்பட்டது என்று காவல்துறை வழக்குப் போட்டு, பெற்றோரையும் மருத்துவர்களையும் கைது செய்தது. நீதிமன்றம் என்ன முடிவு சொல்லும் என்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் ஒரு கேள்வியை நாம் நம்மிடமே கேட்டுக்கொள்ளலாம்: சிக்னலில் நம் பையனைப் பிடித்தால், நாம் முதலில் யாருக்கு ஃபோன் போடுவோம்? தெரிந்த கவுன்சிலருக்கா, தெரிந்த ஏட்டுக்கா? பையன் அதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொள்வான். எந்த வகுப்பிலும் மறக்காத பாடமாக அது இருக்கும்.

சட்டம் இப்போது பெற்றோரைத் தேடித்தான் வருகிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஓர் ஆண்டுக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. குடித்துவிட்டு ஓட்டுகிறவருக்கு முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அப்படி ஓட்டத் துணை போகிறவருக்கும் அதே தண்டனை உண்டு. 'ஒண்ணும் ஆகாது மச்சான், மெதுவா போ' என்று சாவியை எடுத்துக் கையில் கொடுப்பவர் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 'பதினாறு வயசானா ஸ்கூட்டி ஓட்டலாமே சாமி' என்று கேட்பவர்களுக்கு: 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்குத்தான் அந்தச் சலுகை, அதற்கும் லைசென்ஸ் வேண்டும். உங்கள் வீட்டு வாசலில் நிற்கிற ஸ்கூட்டர் அநேகமாக அதில் அடங்காது.

டில்லியில் சட்டம் போடுவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே விடுதலைப் பயண நூல் 21-ஆம் அதிகாரத்தில் இதே நியாயம் இருக்கிறது. ஒருவனுடைய மாடு முட்டி ஒருவர் இறந்தால், மாட்டைக் கொல்ல வேண்டும், உரிமையாளன்மேல் பழியில்லை. ஆனால் அது முட்டுகிற மாடு என்று முன்பே எச்சரித்தும் அவன் அதைக் கட்டிவைக்காமல் விட்டிருந்தால், அந்த உயிருக்கு அவனும் பொறுப்பு. நாட்டு மாட்டைக் கட்டத் தெரிந்த சமூகத்துக்கு எழுதிய சட்டம் அது. நம் வீட்டில் முட்டுவது 150 சிசி.

பிள்ளைகள் விடமாட்டார்கள். "கானாவூரில் இயேசுவே தண்ணீரைத் திராட்சை இரசமாக்கினாரே, ஃபாதர்?" என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். தட்டிக்கழிக்கக் கூடாது. ஆம், ஆக்கினார். பீடத்தில் தினமும் நானும் திராட்சை இரசத்தைத்தான் கையில் எடுக்கிறேன். நல்ல சமாரியர் அடிபட்டவரின் காயத்தில் எண்ணெயோடு ஊற்றியதும் திராட்சை மதுதான். மதுவைச் சாத்தான் படைத்ததாகத் திருச்சபை என்றும் சொன்னதில்லை. ஆனால் கானாவூரில் மணவீட்டார் நடந்தே வீடு போனார்கள். குடிவெறிக்கு இடம்கொடாதீர்கள் என்று எபேசியருக்குப் பவுல் எழுதும்போது, அவர் காலத்தில் குடித்தவன் அதிகம்போனால் தன் கால் தடுக்கித்தான் விழுந்தான். இன்று அவன் கையில் எஞ்சின் இருக்கிறது. அதனால்தான் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2290-ஆம் எண்ணில், குடிபோதையாலோ வேக மோகத்தாலோ சாலையில் தனக்கும் பிறருக்கும் ஆபத்து வருவிப்பவர் கனமான குற்றத்துக்கு உள்ளாகிறார் என்று தனியாகவே எடுத்துச் சொல்கிறது. கவனியுங்கள், யாராவது செத்தால்தான் குற்றம் என்று அதில் இல்லை. ஆபத்து வருவித்தாலே போதும். பத்திரமாக வீடு வந்து சேர்ந்த ராத்திரிக்கும் இது பொருந்தும். பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆத்தும சோதனை செய்யும்போது, வெள்ளிக்கிழமை தெரியாமல் கறி சாப்பிட்டதை நினைவில் வைத்திருப்பவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் பிள்ளைகளுக்கு என்னதான் சொல்லித் தருவது? 1981-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வேலண்டு என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்கள் கார் விபத்துகளில் இறந்தார்கள். அங்கே ராபர்ட் அனஸ்டாஸ் என்ற ஆசிரியர் மாணவர்களைக் கூட்டி ஓர் இயக்கம் தொடங்கினார். அவர்கள் செய்த காரியங்களில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு தாள். பிள்ளையும் பெற்றோரும் கையெழுத்துப் போடுகிற ஒப்பந்தம். நான் குடித்திருந்தாலோ, என்னைக் கூட்டிப் போகிறவர் குடித்திருந்தாலோ, எந்த நேரமானாலும் எங்கிருந்தாலும் உங்களைக் கூப்பிடுவேன் என்று பிள்ளை எழுதித் தருகிறது. கூப்பிட்டால் வருவேன், அந்த ராத்திரியில் கேள்வி கேட்கமாட்டேன், சண்டை போடமாட்டேன் என்று பெற்றோர் எழுதித் தருகிறார்கள். அதோடு நிற்கவில்லை. நான் குடித்திருந்தால் நானும் வண்டியைத் தொடமாட்டேன் என்பதும் பெற்றோரின் வாக்கு.

இது நம் ஊருக்குப் பொருந்துமா என்று யோசித்தேன். நம் பையன் ராத்திரி ஒரு மணிக்கு அப்பாவுக்கு ஃபோன் போட்டு 'குடிச்சிருக்கேன், வந்து கூட்டிட்டுப் போங்க' என்று சொல்வானா? சொல்லமாட்டான். தோலை உரித்துவிடுவார் என்று தெரியும். அந்தப் பயத்தில்தான் அவன் வண்டியை எடுக்கிறான். நம் கண்டிப்பு குடியை நிறுத்தவில்லை என்றால், குறைந்தது அவனைச் சாலையில் தள்ளாமலாவது இருக்கட்டும். திட்டுவதைக் காலையில் வைத்துக்கொள்ளலாம். காலை என்று ஒன்று அவனுக்கு இருக்க வேண்டும். அப்பாவிடம் சொல்ல முடியாது என்றால் ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருக்கட்டும். அவர் எண் பையனின் ஃபோனில் இருக்கட்டும், அவர் வீட்டில் சொல்லமாட்டார் என்ற நம்பிக்கையும் இருக்கட்டும்.

திருப்பீடத்தின் ஓர் அவை 2007 ஜூன் மாதம் சாலைப் பணிக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. வாகனம் ஓட்டுகிறவர்களுக்குப் பத்துக் கட்டளைகள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின, சிலர் கேலியும் செய்தார்கள். ஓட்டும் நிலையில் இல்லாதவர்களை, அவர்கள் இளையோரானாலும் பெரியவர்களானாலும், அன்போடு பேசி ஓட்டவிடாமல் தடுங்கள் என்பது அதில் ஒன்று. அந்தப் பதினோராம் வகுப்பு மாணவி கேட்டதற்கு உரோமை நகரம் ஏற்கெனவே பதில் எழுதி வைத்திருந்தது.

கிறிஸ்துமஸ் வருகிறது, புத்தாண்டு வருகிறது. ஜனவரி பிறந்தால் புதுமனை, காதுகுத்து, கல்யாணம். புதுநன்மை விருந்திலேயே மாடியில் தனியாகப் பாட்டில் திறக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. வெள்ளை உடை போட்ட பிள்ளை கீழே, அப்பாவும் நண்பர்களும் மேலே. விருந்து வைக்கிற வீட்டுக்காரரை ஒன்று கேட்கிறேன். நீங்கள் மதுவை நிறுத்திவிட்டால் எனக்குச் சந்தோஷம். நிறுத்தவில்லை என்றால், வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைப்பதுபோல ஒரு தட்டு வையுங்கள். மாடிக்குப் போகிறவர்கள் சாவியை அதில் போட்டுவிட்டுப் போகட்டும். குடிக்காத ஒரு பெரியவரை அங்கே உட்கார வையுங்கள். ஒரு ஆட்டோக்காரரைப் பேசி வையுங்கள். சாப்பாட்டுக்கு ஆகும் செலவில் அது எந்த மூலைக்கு?

கடைசியாக, இன்று காலை இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு. உங்கள் வண்டியில் அடிபட்டு ஒருவர் இறந்திருக்கலாம். நீங்கள் குடித்திருந்திருக்கலாம். வழக்கு முடிந்தும் உங்களுக்குத் தூக்கம் வராமல் இருக்கலாம். கொல்லும் எண்ணம் எனக்கு இல்லையே என்று நீங்கள் சொல்வது உண்மை. எண்ணம் இல்லாததால் மட்டும் பொறுப்பு நீங்கிவிடாது என்று திருச்சபை சொல்வதும் உண்மை. அந்த வழிகாட்டியே, விபத்துக்குக் காரணமானவரும் பாதிக்கப்பட்டவரும் தகுந்த நேரத்தில் சந்தித்து மன்னிப்பின் விடுதலையை அனுபவிக்க உதவுங்கள் என்றும் கேட்கிறது. நீங்கள் எந்தப் பங்கைச் சேர்ந்தவராக இருந்தாலும், எந்தச் சமயத்தவராக இருந்தாலும் வாருங்கள். ஆலயக் கதவு திறந்திருக்கும். நான் பேச வேண்டியதில்லை, கேட்டுக்கொண்டிருப்பேன்.

இன்று மாலை ஆறு மணித் திருப்பலியைச் சாலையில் இறந்தவர்களுக்காக ஒப்புக்கொடுக்கிறோம். பீடத்துக்கு முன்னால் ஒரு பெட்டியும் தாள்களும் வைத்திருப்போம். உங்கள் வீட்டில் போனவர்களின் பெயரை எழுதிப் போடுங்கள். முடிந்தால், மனம் இடம்கொடுத்தால், இடித்தவரின் பெயரையும் அதே தாளில் எழுதுங்கள். இரண்டு பெயர்களையும் சேர்த்தே வாசிப்பேன்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.